புரோபாக்ஸுக்கு டூல்ஸ்: எதில் காசு போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது?

கமாயுட்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். யாங்கோனில் கமாயுட் பக்கம் இருக்கிறேன். என்னிடம் 2006 மாடல் டொயோட்டா புரோபாக்ஸ் ஒன்று இருக்கிறது, 1500 சிசி. தாய்மாமா ஓட்டிக் களைத்து எனக்குக் கொடுத்தது. வாரத்தில் ஆறு நாள் துணிக்கட்டு ஏற்றிக்கொண்டு ஓடுகிறது, ஏழாம் நாள் அம்மாவைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. அதற்கு ஓய்வே கிடையாது.

இத்தனை நாளும் ஆயில் மாற்றுவது முதல் பிளக் துடைப்பது வரை எல்லாவற்றுக்கும் பட்டறைக்குத்தான் போனேன். போன மாதம் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) ஆயில் மாற்றிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு கறை. அடியில் உள்ள ஆயில் போல்ட்டை அந்தப் பையன் நீளமான பைப்பைச் சொருகி முறுக்கியிருக்கிறான், மரை போய்விட்டது. திரும்பக் கொண்டுபோனால், "ஏற்கனவே இப்படித்தான் இருந்தது" என்கிறார்கள். மரை கழன்றது வண்டிக்கா, அங்கேயே நான்கு வருடமாகப் போய்க்கொண்டிருந்த உனக்கா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ஆகவே இனி ஆயில், ஃபில்டர், பிளக், பிரேக் பேடு, பேட்டரி, இவ்வளவையும் நானே பார்த்துக்கொள்வதாக முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னதும், "முதலில் பீலிக்கான் முனீஸ்வரனிடம் வண்டியைக் காட்டிவிட்டு வா, அப்புறம் ஸ்பேனரைத் தொடு" என்றார். அது ஆயிற்று. இனி ஸ்பேனர்தான் பாக்கி.

மகாபண்டூலா சாலைப் பக்கம் ஒரு கடையில் 108 சாமான் அடங்கிய ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்கள். கண்ணாடி மாதிரி மின்னுகிறது, நட்டின் மேல் கவிழ்க்கும் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அதனதன் குழி. விலை என் ஒரு மாத மிச்சம். பக்கத்திலேயே அதே எண்ணிக்கையில் இன்னொரு பெட்டி, பாதி விலைக்கு. இரண்டின் மேலும் குரோம் வனேடியம் (உறுதியான எஃகு வகை) என்றுதான் எழுதியிருக்கிறது. எதை நம்புவது?

வண்டி நிற்பது வீட்டுப் பக்கத்து மண் தரையில். மழைக்காலத்தில் கால் புதையும். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பது உங்களுக்கே தெரியும். விலை விவரம் எழுதவில்லை, எழுதினால் அடுத்த வாரமே பொய்யாகிவிடும். எந்தச் சாமானில் காசு போடலாம், எதில் கையை இறுக்கலாம் என்று சொன்னால் போதும்.

மாண்டலே84 எழுதியது:

பெட்டியை வாங்கிவிடுங்கள் பிரதர். தனித்தனியாக வாங்கினால் கூட்டிப் பார்க்கும்போது அதிகமாகிவிடும். கூடவே கரண்டில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச் ஒன்று. வீல் நட்டு டர்ர்ர் என்று ஒரு நொடியில் கழன்றுவிடும். நான் வைத்திருக்கிறேன், ராஜா மாதிரி இருக்கும்.

பழைய பட்டறை எழுதியது:

தம்பி, நான் மோல்மீன். முப்பது வருடத்துக்கு மேல் பட்டறையில் கிடந்தவன், இப்போது முட்டி ஒத்துழைக்காததால் பேரனுக்குப் பாடம் எடுப்பதோடு சரி.

பெட்டி வாங்காதீர்கள்.

நான் தொழில் பழகியபோது பழைய செவர்லே பஸ்ஸும் ஓடியது, ஹினோவும் ஓடியது. ஒன்றுக்கு அங்குல ஸ்பேனர், இன்னொன்றுக்கு மில்லி ஸ்பேனர். அப்போது இரண்டும் வேண்டியிருந்தது. 2011க்குப் பிறகு பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு ஜப்பான் வண்டி இறக்கலாம் என்று வந்தபின் தெருவில் நிற்பதில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிய வண்டிதான். நீங்கள் பார்த்த பெட்டியை மறுபடி திறந்து எண்ணிப் பாருங்கள். கால்வாசிக்கு மேல் அங்குல சாக்கெட் இருக்கும், உங்கள் வண்டிக்கு அது குப்பை. மில்லியிலும் 11, 13, 15, 16, 18 இருக்கும். ஜப்பான்காரன் போல்ட் தலை 8, 10, 12, 14, 17, 19, 21 என்று போகும். 13, 16, 18 எல்லாம் ஐரோப்பாக்காரன் வழக்கம். அப்புறம் நட்சத்திர பிட்டு, ஆறு மூலை பிட்டு என்று ஒரு தட்டு நிறைய. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் 108இல் நீங்கள் கையில் எடுக்கப்போவது பதினைந்து தேறினால் அதிகம். அந்தப் பதினைந்தை நல்லதாக வாங்கலாமே.

எப்படி வாங்குவது என்றால், வேலை கேட்கும்போது வாங்குவது. முதல் வேலை என்ன? ஆயில். அதற்கு என்ன வேண்டும்? 14 ரிங் ஸ்பேனர் ஒன்று. ஃபில்டருக்கு மேலே கவிழ்க்கும் தொப்பி ஒன்று, உங்கள் எஞ்சினுக்கு 65 மில்லி, 14 பட்டை. ஃபில்டரைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய், தொப்பியைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள். ஆடினால் வேண்டாம். ஆயில் 3.7 லிட்டர் பிடிக்கும், ஃபில்டரோடு சேர்த்து. வடிப்பதற்குத் தட்டு வாங்கவே வேண்டாம், சமையல் எண்ணெய் வரும் பிளாஸ்டிக் கேனைப் படுக்கப் போட்டு வயிற்றைக் கிழித்தால் ஆயிற்று. புனலுக்குத் தண்ணீர் பாட்டில் கழுத்து. இதிலெல்லாம் காசு போடுகிறவனுக்குக் காசு அதிகம்.

காசு போட வேண்டிய இடம் எது தெரியுமா? நழுவினால் உங்களுக்கு அடிபடும் சாமான். அப்புறம் நழுவினால் வண்டிக்கு அடிபடும் சாமான். இந்த வரிசையில் போங்கள்.

முதலாவது ஜாக்கி ஸ்டாண்டு. ஜாக்கி அல்ல, ஸ்டாண்டு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். அதன் உள்ளே இருப்பது ஒரு ரப்பர் வளையமும் கொஞ்சம் எண்ணெயும்தான். அந்த வளையத்தை நம்பி ஒரு டன் வண்டிக்குக் கீழே தலையை நீட்டிய ஆளை நான் பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் எழுத மாட்டேன். இரண்டு ஸ்டாண்டு வாங்குங்கள். ஓட்டை போட்டு ஊசி சொருகும் வகையோ, பல் வைத்து நிற்கும் வகையோ, எதுவானாலும் காலின் வெல்டிங்கைக் குனிந்து பாருங்கள். எறும்பு வரிசை மாதிரி சீராகப் போயிருந்தால் எடுங்கள். எச்சில் துப்பின மாதிரி பொட்டுப் பொட்டாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் சரி. உங்கள் மண் தரைக்கு ஸ்டாண்டுக்கு அடியில் தேக்குப் பலகை, ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கேட்டால் கிடைக்கும். பின் சக்கரத்துக்குச் செங்கல். மழை பெய்த மறுநாள் தூக்கவே வேண்டாம்.

இரண்டாவது, சாக்கெட். ஆறு மூலை உள்ளதை வாங்குங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் போட வசதி, ஆனால் துருப்பிடித்த போல்ட்டில் மூலையை வழித்துவிடும். ராட்செட், அதாவது சாக்கெட்டை மாட்டி முறுக்கும் பல் வைத்த கைப்பிடி, மூன்று நூல் அளவு ஒன்று இருந்தால் வண்டியில் முக்கால்வாசி வேலை முடியும். நான்கு நூல், அதாவது அரை அங்குலம், வீல் நட்டுக்கு மட்டும். அதற்கு ராட்செட் வேண்டாம், பல் இல்லாத நீளக் கைப்பிடி போதும். உடைய அதில் ஒன்றும் இல்லை.

குரோம் வனேடியம் என்று எவன் வேண்டுமானாலும் எழுதலாம், எழுத்துக்குக் கூலி கிடையாது. சாக்கெட்டின் வாயைப் பாருங்கள். சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனா? முலாம் உள்பக்கம் உரிந்திருக்கிறதா? கையோடு ஒரு 14 போல்ட் கொண்டுபோய் மாட்டி ஆட்டிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

இன்னொரு வழி, ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான் கடை. சைக்கிள், ஃபேன், சட்டி பானை நடுவே ஒரு தகரப் பெட்டியில் ஸ்பேனர் குவிந்து கிடக்கும். கேடிசி, டோன், கோகென் என்று ஜப்பான் கம்பெனிப் பெயர் தெரிந்தால் அழுக்கைப் பார்க்காமல் எடுங்கள். என் கையில் இருக்கும் 10-12 ரிங் அப்படி எடுத்தது, எனக்குப் பின்னால் பேரனும் அதை வைத்துக் கழிப்பான். ஆனால் பழைய ராட்செட் வாங்காதீர்கள், உள்ளே பல் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று வெளியே தெரியாது.

இம்பாக்ட் ரெஞ்ச் பற்றி மாண்டலேத் தம்பி எழுதியிருக்கிறார். வருடத்தில் இரண்டு தரம் டயர் கழற்ற அது எதற்கு? கரண்ட் போன நேரத்தில் டயர் பஞ்சர் ஆனால் ராஜா என்ன செய்வார்?

உங்கள் ஆயில் போல்ட்டுக்கு: முதலில் புது போல்ட் வாங்கிப் போட்டுப் பாருங்கள். 12 மில்லி, 1.25 மரை. பல நேரம் தேய்ந்தது போல்ட்டாகவே இருக்கும். அதிலும் நிற்காவிட்டால் லேத்துக்காரரிடம் சொல்லி உள்ளே கம்பிச் சுருள் மரை வைத்துக்கொள்ளலாம். வாஷரை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள். ஒழுகுவதில் பாதி, பழைய வாஷரை வைத்துக்கொண்டு போல்ட்டை இறுக்கிச் சரிக்கட்டப் பார்ப்பதால் வருவது.

பஹான் ஃபிட்காரி எழுதியது:

ஐயா சொன்னதற்கு மேல் ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் இதில் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

திருப்புளி. நம் கடைகளில் கிடைக்கும் கூட்டல் குறித் திருப்புளியும் ஜப்பான் வண்டியின் கூட்டல் குறி ஸ்குரூவும் பார்க்க ஒன்றுதான், ஆனால் வேறு வேறு. ஜப்பான் அளவில் குழியின் கோணம் கொஞ்சம் மாறும். வழக்கமான திருப்புளியைப் போட்டு அழுத்தினால் அது தானாக மேலேறி வழுக்கி, ஸ்குரூவின் தலையைத் தின்றுவிடும். தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தால் அது ஜப்பான் அளவு என்று புரிந்துகொள்ளுங்கள். என் ஹோண்டா ஃபிட்டில் முன் பிரேக் தட்டை இரண்டு ஸ்குரூ பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றின் தலையை நானே வட்டக் கிண்ணமாக ஆக்கிவிட்டேன். கடைசியில் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பிறகு வெசல் என்ற ஜப்பான் கம்பெனியின் திருப்புளி இரண்டு வாங்கினேன், 2 நம்பர் ஒன்று, 3 நம்பர் ஒன்று. பிடியின் பின்னால் சுத்தியலால் தட்டினால் முனை கொஞ்சம் திரும்பிக் கொடுக்கும் வகையும் உண்டு, பிரேக் தட்டுக்கு அதுதான் சரி. ஒரு திருப்புளிக்கு இவ்வளவா என்று அப்பா கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையை ஞாபகப்படுத்தினேன்.

கமாயுட் அண்ணா, இன்னொரு சாமான்: மல்டிமீட்டர். இதில் மலிவானதே போதும். வண்டி இரவெல்லாம் நின்றபின் பேட்டரியில் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14ஐ ஒட்டி நிற்க வேண்டும். இரண்டாவது எண் ஏறவில்லை என்றால் குற்றம் பேட்டரியில் இல்லை, அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம். இதைத் தெரிந்துகொள்ளாமல் என் சித்தப்பா ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றினார். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் அதே மீட்டர் உதவும், நம் ஊரில் அதுவே பெரிய லாபம்.

எஞ்சின் கோளாறைப் படித்து, போனோடு ப்ளூடூத்தில் பேசும் ஸ்கேனர் மலிவாக விற்கிறார்கள். வாங்குமுன் யாரிடமாவது இரவல் வாங்கி உங்கள் வண்டியில் மாட்டிப் பாருங்கள். ஜப்பானில் ஓடிய பழைய வண்டிகள் சிலவற்றோடு அது பேசாது.

கமாயுட்வாசி எழுதியது:

ஐயா, தங்கச்சி, இருவருக்கும் நன்றி. பெட்டியை வாங்கவில்லை. கடைக்காரர் இப்போது என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

வாங்கியவை: ஸ்டாண்டு இரண்டு (மூன்று கடை ஏறி இறங்கி, வெல்டிங் பார்த்து), 10-12, 14-17 ரிங் ஸ்பேனர், மூன்று நூல் ராட்செட், 10, 12, 14 சாக்கெட், வீல் நட்டுக்கு 21, நீளக் கைப்பிடி ஒன்று, ஃபில்டர் தொப்பி, பிளக்குக்கு 16 மில்லி ரப்பர் வைத்த சாக்கெட். ஸ்பேனர் எல்லாம் பழைய ஜப்பான் சாமான். பிரேக் பேடு மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ள மாடி வீட்டுத் தச்சரின் சி-கிளாம்பை இரவல் கேட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் சேர்த்தும் அந்தப் பாதி விலைப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் கூட.

எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றுதான் யோசனையாக இருக்கிறது. நல்லதை வாங்கக் காசு இல்லை, மலிவானதை நம்பப் பயம். மரை போன கதை எனக்கு மறுபடி வேண்டாம்.

மாண்டலே84 எழுதியது:

இதற்கு என்னிடம் ஒரு ஐடியா இருக்கிறது பிரதர், யூடியூப் பார்க்காமல் நானே போட்ட கணக்கு. புரோபாக்ஸ் வீல் நட்டை இறுக்க வேண்டிய அளவு 103 நியூட்டன் மீட்டர். 20 லிட்டர் குடிதண்ணீர் பாட்டில் கிட்டத்தட்ட 21 கிலோ. கைப்பிடியைப் படுக்கை வாட்டத்தில் வைத்து, நட்டிலிருந்து 50 சென்டிமீட்டரில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டால் சரியாக 103 வரும். ரெஞ்ச் மிச்சம்!

கமாயுட்வாசி எழுதியது:

செய்து பார்த்தேன் பிரதர். கணக்கு சரி. ஆனால் வீல் நட்டு தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கிறது, பாட்டில் ஒன்றரை அடி. கட்டித் தொங்கவிடப் போனால் பாட்டில் தரையில் சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய பட்டறை எழுதியது:

மாண்டலேத் தம்பியை இம்பாக்ட் ரெஞ்ச் விஷயத்தில் கிண்டல் செய்துவிட்டேன். இந்தக் கணக்குக்கு என் சலாம். தலைகீழாகத் திருப்பிவிட்டால் வேலை செய்யும்.

கொக்கித் தராசு இருக்கிறதல்லவா, சந்தையில் மீன்காரம்மா தொங்கவிடும் வட்டத் தராசு? அதை எடுங்கள். சக்கரத்தைப் பார்த்து உட்காருங்கள். கைப்பிடி இடது பக்கமாகப் படுக்கை வாட்டத்தில் நிற்கட்டும். 50 சென்டிமீட்டரில் கயிறு கட்டித் தராசை மாட்டி, மேல்நோக்கி இழுங்கள். இடப்பக்கம் மேலே இழுத்தால் இறுகும் திசைதான். முள் 13 வீசை காட்டும்போது நிறுத்துங்கள். பர்மா வீசை 1.63 கிலோ, அப்படியானால் 13 வீசை 21 கிலோவை ஒட்டி வரும். என் தாத்தா பேசிய மதராஸ் வீசை வேறு, அது 1.4 கிலோதான், அந்தக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். தராசு சரியா என்று முதலில் அந்தத் தண்ணீர் பாட்டிலையே தொங்கவிட்டுப் பாருங்கள், வாங்கினதற்கு அதாவது உதவட்டும்.

நட்டுகளை எதிரெதிராக இறுக்க வேண்டும், வரிசையாக அல்ல. மரையில் கிரீஸ் தடவ வேண்டாம், தடவினால் அதே 13 வீசை கூடுதலாக இறுக்கிவிடும்.

அடிப் போல்ட்டுக்குத் தராசு நுழையாது. அதற்கு 37 நியூட்டன் மீட்டர் போதும். ரிங் ஸ்பேனரில் போல்ட்டிலிருந்து ஒரு சாண் குறைவாக, 18 சென்டிமீட்டரில் கை பிடித்தால், அங்கேயும் அதே 13 வீசை இழுப்புதான் வரும். ஆகவே முதலில் வீல் நட்டு நான்கையும் தராசில் இறுக்குங்கள். 13 வீசை என்றால் தோளில் எப்படி இருக்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொண்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் அடியில் போய்ப் போல்ட்டை அதே அளவு இழுங்கள். ஸ்டாண்டு வைத்த பிறகு.

காசு சேர்ந்ததும் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கத்தான் வேண்டும், பிளக்குக்கு இந்த வித்தை ஆகாது. வாங்கினால் அதை வைத்து எதையும் கழற்றாதீர்கள், வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வையுங்கள்.

சாமான்களை மழைக்காலத்தில் வடித்த எஞ்சின் ஆயில் தோய்த்த துணியால் துடைத்து வைப்பார்கள். வேண்டாம், அழுக்கு ஆயில் தோலுக்குக் கெடுதல். நல்ல ஆயில் அடியில் ஒரு கரண்டி மிச்சமிருக்குமே, அது போதும்.

கமாயுட்வாசி எழுதியது:

இன்று காலை முடித்தேன். புது போல்ட்டும் புது வாஷரும் போட்டதிலேயே நின்றுவிட்டது, லேத்துக்காரர் வரை போகவில்லை. எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தேன், தாளில் ஒரு எறும்பு மட்டும்.

ஃபில்டர் தொப்பிதான் கொஞ்சம் படுத்தியது. பழைய ஃபில்டரை யாரோ ஆத்திரத்தில் இறுக்கியிருக்கிறார்கள். ஐயா சொன்னபடி ஆடாத தொப்பியாகப் பார்த்து வாங்கியதால் வழுக்காமல் திறந்தது. புதியதன் ரப்பரில் ஆயில் தடவி, கையாலேயே பூட்டினேன்.

தராசு அம்மாவினுடையது, பக்கத்து வீடுகளுக்குக் கருவாடு நிறுத்து விற்பது. முதலில் பாட்டிலைத் தொங்கவிட்டுப் பார்த்ததில் அரை வீசை குறைத்துக் காட்டியது. எத்தனை வருடமாக என்று அம்மாவிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் தராசைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.